‘முயற்சி செய்கிறேன்’ என்றேன், பொய் சொன்னதாக எழுதிவிட்டார்

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. மென்பொருள் துறையில் பதினொரு வருட அனுபவம். ஒன்றரை வருடமாக ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு குழுவில் வேலை. தாய்மொழி தமிழ், அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆங்கிலம். மேனேஜர் நெதர்லாந்துக்காரர். “திறமைசாலிதான், ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு” என்கிறார் வாசகி.

ஒரு வாராந்தர மீட்டிங்கில் மேனேஜர், “இந்தப் பகுதி வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று வாசகிக்கு அப்போதே தெரியும். இன்னொரு குழு தர வேண்டிய டெஸ்ட் சர்வர் (மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் கணினி) வந்து சேரவில்லை. பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் அந்தக் குழுவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், “சரி, முயற்சி செய்கிறேன், கொஞ்சம் கஷ்டம்தான்” என்றிருக்கிறார். புதன்கிழமை ஒரு மெயிலும் போட்டிருக்கிறார். வேலை முடிந்ததோ அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்றைய மீட்டிங்கில் மேனேஜர், “முடியும் என்றீர்கள், முடிக்கவில்லை. ஏன் உண்மையைச் சொல்லவில்லை?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். ஆண்டு அப்ரைசலிலும், ‘வெளிப்படைத்தன்மை போதாது. இவர் ஆம் என்றால் அது ஆம்தானா என்று தெரிவதில்லை’ என்று எழுதிவிட்டார்.

“என் வீட்டில் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை மேடம். இரண்டு ராத்திரி தூங்கவில்லை” என்று எழுதும் வாசகி, மூன்று கேள்விகள் கேட்கிறார். அவர் இனவெறி பிடித்தவரா, எச்.ஆரில் புகார் கொடுக்கலாமா? நானும் அவரைப்போல முகத்தில் அடித்தாற்போல் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா? அல்லது வேலையை விட்டுவிடவா?

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இப்படி ஒரு வரி: “எங்கள் குழுவில் ஒரு ஜப்பானியரும் இருக்கிறார். பாவம், வாயே திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். அவரை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.”

அன்புத் தோழிக்கு,

அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

முதலில் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். நீங்கள் பொய் சொல்லவில்லை. தமிழ் கேட்டுப் பழகிய காதுக்கு ‘முயற்சி செய்கிறேன், கொஞ்சம் கஷ்டம்தான்’ என்பது ஏறக்குறைய ‘முடியாது’தான். நாம் ஒரே ‘சரி’யை எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறோம் பாருங்கள். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கும் சரி, மேலே சொல்லுங்கள் என்பதற்கும் சரி, போதும் நிறுத்துங்கள் என்பதற்கும் சரி. எந்தச் சரி என்று இழுப்பை வைத்தும் முகத்தை வைத்தும் கண்டுபிடிக்க வேண்டியது கேட்பவர் பொறுப்பு. குறிப்பறிந்து நடப்பவரைப் புத்திசாலி என்போம். எல்லாவற்றையும் விண்டு விண்டு சொல்ல வேண்டியிருந்தால் நமக்கே சலிப்பு வந்துவிடும்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் இதை ஒரு அளவுகோலாக விளக்கினார். சில இடங்களில் செய்தியின் பெரும்பகுதி சூழலில் இருக்கும்: யார் சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் செய்திதான். வேறு சில இடங்களில் செய்தி முழுவதும் சொல்லிலேயே இருக்கும். சொல்லாதது கணக்கில் வராது. நீங்கள் முதல் வகையில் பேசினீர்கள், உங்கள் மேனேஜர் இரண்டாம் வகையில் கேட்டார். அவர் கேட்டது அவருக்கு வெறும் தகவல் கேள்வி. ‘முடியாது’ என்று நீங்கள் சொல்லியிருந்தால் தேதியை மாற்றிக் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கவும் கூடும். உங்களுக்கோ அந்தக் கேள்விக்குள் மரியாதை, இன்னொரு குழுவின் மானம், உங்கள் நற்பெயர் மூன்றும் இருந்தன. ‘முடியும் என்றீர்கள்’ என்று அவர் சொன்னதும் அவர் அளவில் உண்மை. அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

இந்த இடத்தில் நம்மவர்கள் பலர் ‘வெள்ளைக்காரர்கள் நேராகப் பேசுவார்கள், நாம் சுற்றி வளைப்போம்’ என்று முடித்துவிடுவார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. நான் படிக்கும்போது பிரிட்டிஷ் பேராசிரியை ஒருவரிடம் என் கட்டுரையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “சுவாரஸ்யமாக இருக்கிறதே” என்றார். வீடுவரை துள்ளிக்கொண்டு போனேன். அது ‘இது தேறாது’ என்பதற்கான நாகரிகமான சொல் என்று எனக்குப் புரிய ஒரு பருவம் ஆனது. மதிப்பெண் வந்த பிறகுதான் புரிந்தது என்பது இன்னும் வெட்கம்.

நீங்களும் எப்போதும் சுற்றி வளைப்பவர் இல்லை. தங்கை கடன் கேட்டபோது, “ஒரு பைசா கிடையாது, போனை வை” என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, இது யாரிடம், யார் முன்னால், என்ன உறவில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் விஷயம். அவர்களுக்கும் அப்படித்தான். எந்த இடத்தில் நேர்ப்பேச்சு, எந்த இடத்தில் பூசி மெழுகுவது என்கிற வரைபடம்தான் ஊருக்கு ஊர் வேறு.

ஒரு சொல், இறங்கிய குரல்

மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் பதிவு செய்த ஒரு சம்பவத்தை இந்த மாதிரிக் கடிதங்கள் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளிலேயே, ‘இவர்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள்’ என்று பெயர் வந்துவிட்டது. அவர்கள் அதிகம் பேசவே இல்லை. இறைச்சியைத் தட்டில் வைத்துவிட்டு, மேலே ஊற்றும் குழம்பு வேண்டுமா என்று கேட்க ஒரே ஒரு சொல்: ‘கிரேவி’.

அந்த ஒற்றைச் சொல்லை உள்ளூர் ஊழியர் குரல் உயர்த்தி முடிப்பார். ‘கிரேவி வேண்டுமா?’ என்று அது காதில் விழும். இந்தப் பெண்கள் குரல் இறக்கி முடித்தார்கள். அவர்கள் பேசிப் பழகிய முறையில் அதுதான் சாதாரணக் கேள்வி. சாப்பிட வந்தவர்களுக்கோ அது ‘இது கிரேவி, எடுத்துக்கொண்டு போ’ என்று கேட்டது. அந்தப் பெண்களுக்கு, நம்மைக் காரணமில்லாமல் ஒதுக்குகிறார்கள் என்ற வருத்தம். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது முதலில், ‘நாங்களும் அதையேதானே சொல்கிறோம்’ என்றார்கள். சொல் ஒன்றுதான், தொனி வேறு என்று விளக்கிய பிறகு இரண்டு பக்கமும் புரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, யாருமே ‘இவர் வேறு தொனியில் பேசுகிறார்’ என்று நினைக்கவில்லை என்பது. ‘இவர் குணம் சரியில்லை’ என்றுதான் நினைத்தார்கள். இலக்கணம் தப்பினால் ‘மொழி வராது’ என்று மன்னிப்போம். தொனி தப்பினால் அது மொழிப் பிரச்சினை என்றே நமக்குத் தோன்றாது, நேராக ஆளின் குணத்துக்குப் போய்விடுவோம். உங்கள் மேனேஜர் ‘வெளிப்படைத்தன்மை போதாது’ என்று எழுதியதும், நீங்கள் ‘அவர் இனவெறி பிடித்தவரா’ என்று கேட்பதும் ஒரே பாதையில் வந்தவைதான்.

மெயிலின் கடைசி வரி

இனி கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ‘புதன்கிழமையே மெயிலில் சொல்லிவிட்டேனே’ என்று அந்த மெயிலை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். நான்கு பத்தி. முதல் மூன்றில் முடிந்த வேலைகள், குழுவினருக்குப் பாராட்டு. நான்காவது பத்தியின் கடைசி வரியில், ‘டெஸ்ட் சர்வருக்காகக் காத்திருக்கிறோம், இருந்தாலும் எங்களால் ஆனதைச் செய்கிறோம்.’ அந்த வரியை நான் இரண்டாவது முறை படித்தபோதுதான் கவனித்தேன். இத்தனைக்கும் நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முறை தரையிறங்க முடியாமல் மேலே ஏறியபோது, ‘நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று சொல்’ என்று துணை விமானியிடம் கேப்டன் சொன்னார். துணை விமானி, தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொன்ன திசையை வழக்கம்போலத் திருப்பிச் சொல்லி, மறுபடி முயல்கிறோம் என்றும் சொல்லிவிட்டு, கடைசியில் ‘எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்று சேர்த்தார். ‘அவசரநிலை’ என்ற சொல் வரவே இல்லை. சொல்லியாகிவிட்டது என்று கேப்டன் நம்பினார். கட்டுப்பாட்டாளருக்கு அது வழக்கமான பேச்சின் வால். விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இதைச் சொல்லி, ‘பார்த்தீர்களா, கலாச்சாரப் பணிவு ஆளைக் கொன்றுவிட்டது’ என்று பாடம் நடத்துபவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அவர்கள் இரண்டாம் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள், களைத்திருந்தார்கள். அதற்கு முன்பே ‘முன்னுரிமை’ கேட்டிருந்தார்கள், அந்தச் சொல்லின் கனத்தை இரு தரப்பும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. விபத்தை ஆராய்ந்த அமெரிக்க வாரியம், எரிபொருளைச் சரியாகக் கணக்கிடாததையும் அவசரநிலையைத் தெரிவிக்காததையும் விமானிகள் மேல் வைத்தது. கூடவே, எரிபொருள் குறைவைச் சொல்ல இரு தரப்புக்கும் பொதுவான, தெளிவான சொற்கள் இல்லாததையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. இன்று அதற்குச் சொற்கள் இருக்கின்றன. ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால் இனித் தாமதம் தாங்காது என்று பொருள், ‘மேடே ஃப்யூயல்’ என்றால் எரிபொருள் அவசரநிலை என்று பொருள். எந்த நாட்டு விமானியானாலும், எவ்வளவு கூச்ச சுபாவமானாலும், சொல்ல வேண்டியது அந்தச் சொல்.

விமானிகளின் சுபாவத்தை மாற்ற யாரும் உட்காரவில்லை, சொற்களை முடிவு செய்துகொண்டார்கள் என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேயே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கலாச்சாரத்தின் தலையில் கட்ட வேண்டாம்

‘இது எங்கள் கலாச்சாரம், அவருக்குப் புரியாது’ என்று கடிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன். அந்த ஐந்தில் இரண்டு இடங்களில் இருப்பது கலாச்சாரமே இல்லை, அதிகாரம். உங்கள் அப்ரைசலை எழுதுபவர் அவர். பன்னிரண்டு பேர் முன்னால், சம்பள உயர்வைக் கையில் வைத்திருப்பவரிடம் ‘முடியாது’ என்று சொல்வது எந்த நாட்டுக்காரருக்கும் எளிதில்லை. உங்கள் மேனேஜரும் அவருக்கு மேலே இருப்பவரிடம் அப்படிப் பேசுகிறாரா என்று ஒரு நாள் பாருங்கள்.

அதிகாரத்துக்குப் பணியும் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதும் உண்மைதான். கீர்ட் ஹாஃப்ஸ்டீட் என்ற ஆய்வாளர் 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துப் படிவங்களை வைத்து, ‘அதிகார இடைவெளி’ என்ற அளவை உருவாக்கினார். (அவரும் உங்கள் மேனேஜர் நாட்டுக்காரர்தான்.) ஆனால் அவை நாடுகளின் சராசரிகள். சராசரியை வைத்து எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைக் கணிக்கக் கூடாது. ‘டச்சுக்காரர்கள் இப்படித்தான்’ என்று நீங்கள் எழுதும்போது, ‘இந்த நாட்டுக்காரர்கள் ஆம் என்றால் ஆம் இல்லை’ என்று அவர் நினைக்கவும் அதே உரிமையைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இன்னொரு இடத்தில் இருப்பது மொழி. தாய்மொழியில் ‘அதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சிரிப்பு வராது. மறுப்பை இதமாகச் சொல்லும் வாக்கியம் அந்த நேரத்துக்குக் கிடைக்காமல், கைக்குக் கிடைத்த ‘முயற்சி செய்கிறேன்’ வெளியே வந்திருக்கும். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்பதை மறக்க வேண்டாம். ‘ஏன் உண்மையைச் சொல்லவில்லை’ என்பது அவர் மொழியில் இவ்வளவு கூராக இருந்திருக்காமலும் இருக்கலாம். அவருக்காக வக்காலத்து வாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டது தவறு. அது அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தவறு.

எச்.ஆர்., புகார், ராஜினாமா

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவர் உங்கள் நாட்டையோ நிறத்தையோ உச்சரிப்பையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களிடமும் இதே வெட்டுப் பேச்சுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். இந்த நிலையில் ‘பாகுபாடு’ என்று புகார் கொடுத்தால் நிற்காது என்பது என் கருத்து. நாளைக்கு உண்மையிலேயே ஒன்று நடந்தால் இந்தப் புகாரே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

ஆனால் எல்லைக் கோடு எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் இனம், நிறம், பாலினம், மதம், அரசியல் கருத்து, தேசிய வம்சாவளி, சமூகப் பின்னணி ஆகியவற்றை வைத்து ஒருவரைக் கீழிறக்குவதைப் பாகுபாடு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கை 1958லேயே வரையறுத்துவிட்டது. உங்கள் உச்சரிப்பைக் கேலி செய்தால், ‘உங்கள் ஆட்களே இப்படித்தான்’ என்று பேசினால், ஒரே தவறுக்கு உங்களுக்கு ஒரு நியாயமும் இன்னொருவருக்கு வேறு நியாயமும் என்றால், தேதி, சொன்ன சொல், கூட இருந்தவர்கள் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அப்படி ஒன்று நடந்தால் ‘அவர் கலாச்சாரம் அப்படி’ என்று பொறுத்துப் போக வேண்டாம். உங்கள் வேலை ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டப்படி போடப்பட்டதோ, அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

அப்ரைசலை அப்படியே விடக் கூடாது. ஒரு சம்பவத்தை வைத்து ஒரு குணத்தை எழுதியிருக்கிறார், அதைக் கேள்வி கேட்க வேண்டும். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், கையெழுத்து ‘படித்தேன்’ என்பதற்கா ‘ஒப்புக்கொண்டேன்’ என்பதற்கா என்று படிவத்தில் பாருங்கள். ஊழியர் கருத்து எழுதும் இடம் இருந்தால் காலியாக விடாதீர்கள். மறுபரிசீலனை கேட்கக் கெடு இருந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுவது அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: எந்த வேலை, எது தடை, எந்தத் தேதியில் சொன்னேன், எந்தத் தேதியில் முடித்தேன், இனி தடைகளை எப்படித் தெரிவிப்பேன். மனம் புண்பட்டது என்பதை அதில் எழுத வேண்டாம். அதை நேரில் சொல்லலாம்.

ராஜினாமாவைப் பற்றி ஒரே வரி: தூக்கமில்லாத இரண்டு ராத்திரிக்குப் பிறகு எடுக்கிற முடிவு அது இல்லை, இன்னும் ஒரு மதிப்பீட்டுக் காலம் போகட்டும்.

மேனேஜரிடம் என்ன சொல்வது

தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். அப்ரைசலைப் பற்றிப் பேச என்று சொன்னால் அவர் தயார்நிலையில் வருவார். ‘நாம் இருவரும் தேதிகளைப் பேசும் விதத்தைப் பற்றி’ என்று சொல்லுங்கள். அப்புறம் இப்படித் தொடங்கலாம்:

“நான் ‘முயற்சி செய்கிறேன்’ என்று சொன்னால் அதில் பாதிக்கு மேல் ‘முடியாது’ இருக்கிறது. நான் வளர்ந்த இடத்தில் இது எல்லோருக்கும் புரியும். உங்களுக்குப் புரிய வாய்ப்பில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இனி உங்களிடம் மூன்றில் ஒன்றைத்தான் சொல்வேன். முடியும். இன்னது கிடைத்தால் முடியும். இந்தத் தேதிக்கு முடியாது, அந்தத் தேதிக்கு முடியும்.”

நேர்ப்பேச்சுக்குப் பழகியவருக்கு இது ஒரு பரிசு. நடுவில் இருக்கும் ‘இன்னது கிடைத்தால்’ உங்களுக்கும் கைகொடுக்கும். யாரையும் குற்றம் சொல்லாமல், “சர்வர் புதன்கிழமை கைக்கு வந்தால் வெள்ளிக்கிழமை முடியும்” என்று சொல்லிவிடலாம். முகத்தில் அடித்தாற்போல் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. பழக்கமில்லாதவர் நேர்ப்பேச்சை நகலெடுத்தால் அது சண்டைபோலத்தான் வரும். இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

மெயிலில் ஒரே ஒரு மாற்றம் போதும். தடையை முதல் வரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாராட்டும் நன்றியும் கீழே இருக்கட்டும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பதிலுக்கு அவரிடமும் இரண்டு கேளுங்கள். மாற வேண்டியது நீங்கள் மட்டும் என்று முடிவாகிவிட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கு எரிச்சல் வந்துவிடும். ஒன்று, என் வேலையில் குறை இருந்தால் முதலில் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு, ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்று கேட்காமல், ‘எப்போது முடியும், எது தடுக்கிறது?’ என்று கேளுங்கள். முதல் கேள்வி ஆம், இல்லை என்ற இரண்டு கதவுகளை மட்டும் வைக்கிறது. அதில் ‘இல்லை’ என்ற கதவு மரியாதையாக வளர்க்கப்பட்டவர்களுக்குத் திறக்கவே திறக்காது. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லவே முடியாது, தேதியைத்தான் சொல்லியாக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் அவர் மாற்றிக்கொண்டால் குழுவில் மற்ற நாட்டுக்காரர்களிடமிருந்தும் அவருக்கு உண்மையான தேதிகள் வரத் தொடங்கும். அவருக்கு லாபம் என்று அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

அவர் கேட்டுக்கொள்ளாமலும் போகலாம். ‘எனக்கு இதற்கெல்லாம் நேரமில்லை’ என்று சொன்னால், பேசியதைச் சுருக்கி மரியாதையாக ஒரு மெயில் போட்டுவிடுங்கள். அப்போது எச்.ஆரிடம் போவது புகாராகத் தெரியாது. முயன்று பார்த்த ஒருவர் உதவி கேட்பதாகத் தெரியும்.

அந்த ஜப்பானிய நண்பர்

‘வாயே திறக்கமாட்டார், அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.’ நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மேனேஜர் உங்கள் ‘சரி’யை எடுத்துக்கொண்ட அதே விதத்தில்தான் நீங்கள் அவருடைய மௌனத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் இடத்தில் அது யோசனையாக இருக்கலாம், மறுப்பாக இருக்கலாம், ‘நீங்கள் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்’ என்பதாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

‘ஜப்பானியர் நிதானமாகத்தான் பதில் சொல்வார்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்து மொழிகளில் மக்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து, ஆம்-இல்லை கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. மொத்தத்தில் சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்தில் மிக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில், கேள்வி முடிவதும் பதில் தொடங்குவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே. மிகத் தாமதமாக வந்தது டேனிஷ் மொழியில், அதுவும் அரை நொடிக்குள். ஆகவே உங்கள் நண்பரின் தாமதத்துக்கு அவர் நாட்டைக் காரணம் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பில்லை. ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதே போதுமான விளக்கம். கட்டி முடிப்பதற்குள் நீங்கள் புகுந்துவிடுகிறீர்கள்.

புகுந்து பேசுவதை நீங்கள் ஆர்வத்தின் அடையாளமாகச் செய்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. மொழியியலாளர் டெபோரா டானன் 1978இல் நண்பர்கள் ஆறு பேர் கலந்துகொண்ட ஒரு விருந்துப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள், அது அவர்களுக்கு ‘உன் பேச்சில் நான் இருக்கிறேன்’ என்று காட்டும் விதம். கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்களுக்குப் பேசவே இடம் கிடைக்கவில்லை. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே மேசை! அவர்களுக்கே அப்படி என்றால் உங்கள் குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவரிடம் கேட்க வேண்டியதை ஒரு நாள் முன்னதாக மெயிலில் அனுப்பிவிடுங்கள். மீட்டிங்கில் அவர் பெயரைச் சொல்லிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, உங்கள் மைக்கை மியூட்டில் போட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூன்றிலேயே வாய் துறுதுறுக்கும், வேறு யாராவது புகப் பார்ப்பார்கள். அப்போது மட்டும் மியூட்டை எடுத்து, “அவர் முடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடி மியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.